சில்ட்ரன்: ஓர் ஆங்கிலப் பன்மைச் சொல்லின் வரலாறு

சில்ட்ரன் என்பது குழந்தைகள், பிள்ளைகள் என்னும் பொருள்களில் வழங்கும் ஆங்கிலப் பன்மைச் சொல். இதன் ஒருமை சைல்ட். இவ்விரு சொற்களிலும் முதலெழுத்தை 'அச்சு' என்னும் சொல்லில் வரும் சகரம் போல ஒலிக்க வேண்டும். ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் மிகப் பெரும்பாலானவை இறுதியில் 'எஸ்' என்னும் எழுத்தைப் பெற்றுப் பன்மையாகின்றன. புக் என்பது புக்ஸ் ஆகிறது; கேட் என்பது கேட்ஸ் ஆகிறது. சைல்ட் என்னும் சொல் இந்த விதிக்கு அடங்குவதில்லை. அதனால் ஆங்கில இலக்கண நூல்கள் இதனை ஒழுங்கற்ற பன்மைகளின் பட்டியலில் வைக்கின்றன.

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர்கள் இச்சொல்லில் இரண்டு வகையான பிழைகளைச் செய்வதுண்டு. ஒன்று, சைல்ட்ஸ் என எழுதுவது. மற்றொன்று, சில்ட்ரன் என்னும் பன்மையின் மீதே மீண்டும் ஓர் 'எஸ்' சேர்த்து சில்ட்ரன்ஸ் என எழுதுவது. இரண்டையும் ஆசிரியர்கள் திருத்துகின்றனர். ஆனால் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பன்மையின் மீது இன்னொரு பன்மை விகுதியைச் சேர்க்கும் பழக்கத்தால்தான் சில்ட்ரன் என்னும் வடிவமே பிறந்தது. இன்று பிழையாகக் கருதப்படும் அதே செயலைச் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலேயர் செய்தனர். அது நிலைத்து இலக்கணமாயிற்று.

பொருள்

சில்ட்ரன் என்னும் சொல்லுக்கு இரண்டு முதன்மைப் பொருள்கள் உள்ளன. முதலாவது வயதைக் குறிப்பது: பருவமடையாத சிறுவர் சிறுமியர். இரண்டாவது உறவைக் குறிப்பது: ஒருவருடைய மக்கள். இரண்டாம் பொருளில் வயது கணக்கில் வருவதில்லை. 80 வயது முதியவரின் 50 வயது மகனும் மகளும் அவருடைய சில்ட்ரன்தான். தமிழில் 'பிள்ளைகள்' என்னும் சொல்லும் இவ்விரு பொருள்களையும் தாங்கி நிற்கிறது.

இவற்றிலிருந்து விரிந்த மூன்றாம் பொருளும் உண்டு. ஒரு முன்னோரின் வழிவந்தவர்கள், ஒரு குலத்தினர் என்பது அது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில் இஸ்ரவேல் மக்கள் அனைவரும் 'சில்ட்ரன்' என்னும் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றனர். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் வரும் 'இஸ்ரவேல் புத்திரர்' என்னும் தொடர் இதற்கு நிகரானது.

சொல்லின் ஆதிப் பொருள் இவற்றைவிடக் குறுகியது. பழைய ஆங்கிலத்தில் இது முதன்மையாகக் கருவையும் கைக்குழந்தையையும் குறித்தது. இதற்கு உறவான சொல் காத்திக் மொழியில் கருப்பையைக் குறித்தது. கருவுற்றிருப்பதை 'சைல்ட்' என்னும் சொல்லைக் கொண்டு குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் இந்தப் பழைய பொருளின் எச்சம். ஒருவருடைய மகன் அல்லது மகள் என்னும் உறவுப் பொருளுக்கு அக்காலத்தில் 'பேர்ன்' என்னும் வேறொரு சொல்லே பெரிதும் பயன்பட்டது. தென் இங்கிலாந்தில் அச்சொல் மறைய, அதன் இடத்தையும் சைல்ட் எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பேர்ன் இன்றும் பேச்சில் வாழ்கிறது.

இடைக்காலத்தில் இச்சொல் ஒரு பட்டமாகவும் இருந்தது. வீரப்பட்டம் பெறக் காத்திருக்கும் உயர்குடி இளைஞன் 'சைல்ட்' என அழைக்கப்பட்டான். பைரன் 1812 முதல் 1818 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நெடுங்கவிதையின் நாயகன் ஹரால்டின் பெயருக்கு முன்னால் வரும் சைல்ட் இந்தப் பட்டமே. அது அவன் குழந்தை என்று சொல்வதன்று.

பழைய ஆங்கிலத்தில்

5-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி பழைய ஆங்கிலம் எனப்படுகிறது. அதில் பன்மையைக் காட்ட ஒரே விதி இருக்கவில்லை. பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், அலிபால் என மூன்றாகவும், அவற்றுக்குள் பல வகுப்புகளாகவும் பிரிந்திருந்தன. ஒவ்வொரு வகுப்பும் தனக்கெனப் பன்மை வடிவம் கொண்டிருந்தது.

கல்லைக் குறிக்கும் ஸ்டான் என்னும் சொல் ஸ்டானஸ் எனப் பன்மையானது. இன்றைய 'எஸ்' பன்மைக்கு இந்த 'அஸ்' விகுதிதான் மூலம். பெயரைக் குறிக்கும் நமா என்னும் சொல் நமன் எனப் பன்மையானது. இது 'அன்' விகுதி பெறும் பெரிய வகுப்பு. கால் என்னும் பொருள்தரும் ஃபோட் என்பது உள் உயிரெழுத்து மாறி ஃபேட் ஆனது. இன்றைய ஃபுட், ஃபீட் இதன் வழிவந்தவை. சில அலிபால் சொற்கள் பன்மையில் எந்த மாற்றமும் அடையவில்லை. ஆட்டைக் குறிக்கும் ஷீப், மானைக் குறிக்கும் டியர் ஆகிய சொற்கள் இன்றும் ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றாகவே இருப்பது அதனால்தான்.

குழந்தையைக் குறித்த சொல் அப்போது சில்ட் என வழங்கியது. அதுவும் அலிபால் சொல். அதன் பன்மையும் முதலில் சில்ட் என்றே இருந்தது. ஒரு குழந்தையும் சில்ட், பல குழந்தைகளும் சில்ட். பின்னர் சில்ட்ரு, சில்ட்ரா என்னும் பன்மை வடிவங்கள் தோன்றின. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை எழுத்தில் காணப்படுகின்றன.

இதற்கு அழகான சான்று ஒரு பள்ளிப் பாடநூலில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி வாழ்ந்த ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, மடத்துப் பள்ளி மாணவர்கள் லத்தீன் பேசிப் பழகுவதற்காக ஓர் உரையாடல் நூலை எழுதினார். தாங்கள் கல்லாதவர்கள், பிழையாகப் பேசுகிறவர்கள் என்றும், சரியாகப் பேசத் தங்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும் மாணவர்கள் ஆசிரியரிடம் வேண்டுவதாக அந்நூல் தொடங்குகிறது. அதன் லத்தீன் வரிகளுக்கு மேல் பின்னர் ஒருவர் பழைய ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதினார். அதில் அந்த மாணவர்கள் தங்களைச் சுட்டப் பயன்படுத்தும் சொல் 'சில்ட்ரா'.

ரகரம் வந்த வழி

சில்ட்ரு என்னும் வடிவில் உள்ள ரகரம் தொடக்கத்தில் பன்மைக் குறியே அன்று. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் 'ஸ்' ஒலியில் முடியும் அடிச்சொற்களைக் கொண்ட அலிபால் வகுப்பு ஒன்று உண்டு. தமிழர் நன்கறிந்த 'மனஸ்' என்னும் சமஸ்கிருதச் சொல் இந்த வகுப்பைச் சேர்ந்தது. லத்தீனில் இனம் என்னும் பொருள்தரும் கெனுஸ் என்பதும் இதே வகுப்பு. லத்தீனில் இத்தகைய சொற்களுக்கு வேற்றுமை விகுதி சேரும்போது, இரண்டு உயிர்களுக்கு இடையில் அகப்பட்ட ஸகரம் ரகரமாக மாறியது. எனவே கெனுஸ் என்பது 'இனத்தின்' என்னும் பொருளில் கெனெரிஸ் ஆகிறது.

ஜெர்மானிய மொழிகளிலும் இதே போன்ற மாற்றம் நடந்தது. ஒருமையில் சொல்லின் இறுதி ஒலிகள் தேய்ந்து மறைந்தன. பன்மையில் பின்னால் விகுதி இருந்ததால் அந்த ஒலி ரகரமாகி நிலைத்தது. இதன் விளைவாக ஒருமையில் ரகரம் இல்லை, பன்மையில் ரகரம் உண்டு என்னும் வேறுபாடு ஏற்பட்டது. பேசுபவர்கள் அந்த ரகரத்தையே பன்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டனர். சொல்லின் உடலில் இருந்த ஓர் உறுப்பு இவ்வாறு விகுதியாகப் பதவி உயர்வு பெற்றது.

பழைய ஆங்கிலத்தில் இந்த வகுப்பு மிகச் சிறியது. ஆட்டுக்குட்டி, கன்று, முட்டை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இதில் இருந்தன. லம்ப் என்பதன் பன்மை லம்ப்ரு. முட்டையைக் குறிக்கும் ஏய் என்பதன் பன்மை ஏய்ரு. குட்டி, கன்று, முட்டை என இளம் உயிர்களோடு தொடர்புடைய சொற்களாக இவை அமைந்திருந்தன. ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருந்த சில்ட் என்னும் சொல் இவற்றைப் பார்த்து ரகரம் பெற்றுச் சில்ட்ரு ஆனது. ஜெர்மன் மொழியில் இந்தச் சிறு வகுப்பு வளர்ந்து பெருகியது. அங்கே குழந்தையைக் குறிக்கும் கிண்ட் என்பது கிண்டர் என்றும், முட்டையைக் குறிக்கும் ஐ என்பது ஐயர் என்றும் பன்மையாகின்றன.

'என்' விகுதி சேர்ந்த கதை

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அடுத்த சில தலைமுறைகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. ஆங்கிலம் எளிய மக்களின் பேச்சு மொழியாகத் தொடர்ந்தது. பழைய எழுத்து மரபு தளர்ந்ததால், பேச்சில் முன்பே தொடங்கியிருந்த மாற்றங்கள் எழுத்திலும் வெளிப்பட்டன. அவற்றுள் முக்கியமானது, சொல்லிறுதியில் அழுத்தம் பெறாத உயிர்கள் மங்கியது. அ, உ, ஒ என வேறுபட்டிருந்த இறுதி உயிர்கள் எல்லாம் தெளிவற்ற ஒரே எகர ஒலியாகத் தேய்ந்தன.

இதனால் சில்ட்ரு என்பது சில்ட்ரெ ஆனது. அச்சொல்லின் முடிவு இப்போது எந்தப் பன்மையையும் உறுதியாகக் காட்டவில்லை. அதே காலத்தில் இரண்டு பன்மை விகுதிகள் மட்டும் காதுக்குத் தெளிவாகக் கேட்டன. ஒன்று வட இங்கிலாந்திலும் நடுநாட்டிலும் வலுப்பெற்ற 'எஸ்'. மற்றொன்று தென் இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்ற 'என்'. இந்த 'என்', பழைய 'அன்' விகுதியின் தேய்ந்த வடிவம்.

தென்னாட்டில் 'என்' தனக்கு உரிமையில்லாத சொற்களிலும் புகுந்தது. சகோதரிகள், மகள்கள், வீடுகள், மரங்கள் எனப் பலவற்றுக்கும் 'என்' பன்மை ஏற்பட்டது. பழைய பன்மைக் குறி மங்கிப்போன சில்ட்ரெ என்னும் சொல்லுக்கும் அது சேர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் இவ்வாறு பிறந்த வடிவமே சில்ட்ரன். ஒரு சொல்லுக்குள் ரகரம் ஒரு பன்மை, 'என்' இன்னொரு பன்மை. மொழியியலார் இதனை இரட்டைப் பன்மை என்பர்.

வட இங்கிலாந்து இந்த இரண்டாம் விகுதியை ஏற்கவில்லை. அங்கே பழைய வடிவம் சில்டர் எனத் தொடர்ந்தது. வட இங்கிலாந்தின் வட்டார வழக்குகளிலும் அயர்லாந்தின் ஆங்கிலத்திலும் அது நெடுங்காலம் நீடித்தது. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாளான டிசம்பர் 28, ஏரோது மன்னன் கொன்றதாக விவிலியம் கூறும் மாசற்ற குழந்தைகளின் நினைவு நாள். அதன் பழைய ஆங்கிலப் பெயரான சில்டர்மஸ் என்பதில் இந்த வடிவத்தை இன்றும் காணலாம்.

இரட்டைப் பன்மை பெற்ற சொல் இது மட்டும் அன்று. சகோதரர்களைக் குறிக்கும் பிரெத்ரன் இதே முறையில் உருவானது. இன்று உடன்பிறந்தவர்களைக் குறிக்க பிரதர்ஸ் வழங்குகிறது. சமயக் குழுவினரையும் சங்க உறுப்பினர்களையும் குறிக்கவே பிரெத்ரன் எஞ்சியுள்ளது. பசுக்களைக் குறித்த கைன் என்னும் பழஞ்சொல்லும் உயிர் மாற்றத்தால் ஏற்பட்ட பன்மையின் மீது 'என்' சேர்ந்ததால் வந்தது. எருதுகளைக் குறிக்கும் ஆக்ஸன் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது தொடக்கம் முதலே 'அன்' வகுப்பைச் சேர்ந்தது. எனவே அதில் ஒரே ஒரு பன்மை விகுதிதான் உண்டு.

கேக்ஸ்டன் சொன்ன முட்டைக் கதை

வடக்கின் 'எஸ்' விகுதிக்கும் தெற்கின் 'என்' விகுதிக்கும் இடையிலான போட்டி சில நூற்றாண்டுகள் நீடித்தது. அதன் இறுதிக் கட்டத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை வில்லியம் கேக்ஸ்டன் பதிவு செய்துள்ளார். 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவியவர் இவர். 1490-இல் அச்சிட்ட 'எனிடோஸ்' என்னும் நூலின் முன்னுரையில் இதனைச் சொல்கிறார்.

வணிகர் சிலர் தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் கடந்து சீலாந்துக்குப் போகப் புறப்பட்டனர். காற்று இல்லாமல் கப்பல் நின்றுவிட்டதால் கரையிறங்கினர். அவர்களுள் ஷெஃபீல்டு என்பவர் ஒரு வீட்டுக்குச் சென்று உணவு கேட்டார். குறிப்பாக முட்டை கேட்டார். அவர் சொன்ன சொல் 'எக்கிஸ்'. தனக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது என்று அந்த வீட்டுப் பெண் பதில் சொன்னாள். வணிகருக்குக் கோபம் வந்தது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அப்போது இன்னொருவர் 'எய்ரன்' வேண்டும் என்றார். உடனே அந்தப் பெண் தனக்கு நன்றாகப் புரிகிறது என்றாள். இதைச் சொல்லிவிட்டு, இக்காலத்தில் ஒருவன் எதைத்தான் எழுதுவது, இதையா அதையா என்று கேக்ஸ்டன் கேட்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்த எய்ரன், சில்ட்ரன் என்னும் சொல்லின் உடன்பிறப்பு. முட்டையைக் குறித்த ஏய், ரகரம் பெற்று ஏய்ரு ஆகி, பின்னர் 'என்' சேர்ந்து எய்ரன் ஆனது. அவளுக்குப் புரியாத எக் என்னும் சொல், வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வடக்கு வழியாக வந்தது. இறுதியில் வடக்கின் சொல்லும் வடக்கின் விகுதியும் வென்றன. எய்ரன் மறைந்தது. ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் குறித்து இடைக்காலத்தில் வழங்கிய லம்ப்ரன், கல்வ்ரன் போன்ற வடிவங்களும் 'எஸ்' பன்மைக்கு வழிவிட்டன. முழுக் குடும்பத்திலும் தன் ரகரத்தோடு பொது ஆங்கிலத்தில் அன்றாட வழக்கில் எஞ்சிய ஒரே சொல் சில்ட்ரன்.

அந்த வணிகர்கள் போக நினைத்த சீலாந்து இன்றைய நெதர்லாந்தில் உள்ளது. அங்கே பேசப்படும் டச்சு மொழியில் இந்தக் குடும்பம் இன்னும் கலையாமல் இருக்கிறது. டச்சுக்காரர் முட்டைகளை 'எயெரன்' என்றும் குழந்தைகளை 'கிண்டெரன்' என்றும் சொல்கின்றனர். இரண்டிலும் ரகரமும் 'என்' விகுதியும் உள்ளன.

இச்சொல் மட்டும் தப்பியதற்குக் காரணம்

ஒழுங்கற்ற வடிவங்கள் நிலைப்பதற்கு முதன்மைக் காரணம் அவை பேச்சில் அடிக்கடி வருவதுதான். நாள்தோறும் கேட்கும் வடிவத்தை ஒரு தலைமுறை அப்படியே நினைவில் பதித்து அடுத்த தலைமுறைக்குத் தருகிறது. அரிதாகக் கேட்கும் வடிவம் நினைவுக்கு வராதபோது, பேசுபவர் பொது விதியைக் கொண்டு புதிய வடிவத்தை உண்டாக்குகிறார். ஆங்கிலத்தில் எஞ்சியுள்ள ஒழுங்கற்ற பன்மைகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், கால்கள், பற்கள், எலிகள் என வீட்டையும் உடலையும் சுற்றிய சொற்களே அவற்றில் அதிகம்.

வினைச்சொற்களைக் கொண்டு இந்தக் கருத்து கணக்காகவே ஆராயப்பட்டுள்ளது. 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைச்சொற்களை எடுத்துக்கொண்டது. இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 ஒழுங்கற்றவையாக நீடித்தன. இன்று 98 மட்டுமே அவ்வாறு உள்ளன. மற்றொன்றைவிட 100 மடங்கு குறைவாக வழங்கும் வினைச்சொல் 10 மடங்கு விரைவாகப் பொது விதிக்குள் வந்துவிடுகிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. பெயர்ச்சொற்களை அது கணக்கில் எடுக்கவில்லை. ஆயினும் எய்ரன் மறைந்து சில்ட்ரன் நிலைத்ததைப் புரிந்துகொள்ள இந்த நோக்கு உதவுகிறது. முட்டையைவிடக் குழந்தைகளைப் பற்றியே மனிதர் அதிகம் பேசுகின்றனர்.

உச்சரிப்பு வேறுபாடு

ஒருமையில் 'சைல்' என ஒலிக்கும் பகுதி பன்மையில் 'சில்' என ஒலிப்பதற்கும் வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டிலும் இகரமே இருந்தது. அக்காலத்தின் பிற்பகுதியில் 'ல்ட்' போன்ற சில மெய் இணைகளுக்கு முன்னால் வந்த குறில் உயிர்கள் நெடிலாக நீண்டன. சில்ட் என்பது சீல்ட் ஆனது. ஆனால் மூன்று மெய்கள் அடுத்தடுத்து வந்தால் இந்த நீட்சி நிகழவில்லை. சில்ட்ரு என்பதில் 'ல்', 'ட்', 'ர்' என மூன்று மெய்கள் தொடர்வதால் அதன் இகரம் குறிலாகவே நின்றது.

15-ஆம் நூற்றாண்டுக்கும் 18-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தன. பெரும் உயிர் மாற்றம் என இது அழைக்கப்படுகிறது. அதில் ஈகாரம் 'ஐ' ஒலியாக மாறியது. எனவே சீல்ட் என்பது சைல்ட் ஆனது. குறில்கள் இம்மாற்றத்தில் சிக்கவில்லை. சில்ட்ரன் அப்படியே இருந்தது. ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. இரண்டும் ஒரே ஐந்து எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் எழுதும்போதுதான் சைகாரமும் சிகரமும் வேறாகித் தெரிகின்றன.

தமிழில் அடுக்குப் பன்மை

பன்மையின் மீது பன்மை சேர்வது தமிழுக்குப் புதியதன்று. மாணவன், மாணவி ஆகியோரின் பன்மை மாணவர். இதில் 'அர்' பலர்பால் விகுதி. இன்றைய வழக்கில் மாணவர்கள் என்கிறோம். இங்கு 'அர்', 'கள்' என இரண்டு பன்மை விகுதிகள் உள்ளன. அவர்கள், அரசர்கள், ஆசிரியர்கள் ஆகியவையும் இவ்வாறே அமைந்தவை.

'கள்' தொல்காப்பியர் காலத்தில் அஃறிணைப் பெயர்களுக்கு உரிய பன்மை விகுதி. பின்னர் அது உயர்திணைக்கும் பரவியது. 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்னும் வடிவங்கள் திருக்குறளிலேயே உள்ளன. பலரைச் சுட்டிய 'அவர்' என்னும் சொல், ஒருவரை மரியாதையாகச் சுட்டவும் வழங்கத் தொடங்கியது. அதனால் பன்மையைத் தெளிவாகக் காட்ட இன்னொரு விகுதி தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் பழைய விகுதியின் ஒலி மங்கியது. தமிழில் பழைய விகுதியின் பொருள் மாறியது. காரணங்கள் வேறு, விளைவு ஒன்று. பெற்றோர் என்றாலே பன்மையாக இருக்க, பெற்றோர்கள் எனப் பலரும் எழுதுவதும் அதனைச் சிலர் பிழை எனத் திருத்துவதும் இன்றும் நடக்கின்றன.

இன்றைய பயன்பாடு

சில்ட்ரன் என்பது முழுமையான பன்மைச் சொல். அதனோடு பன்மை வினையே வரவேண்டும். எண்களோடு வரும்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கைக்கு இதுவே வடிவம். கூட்டுச்சொற்களில் பெரும்பாலும் ஒருமை வடிவமே முன்னால் நிற்கும். குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் சைல்ட்ஹுட், குழந்தைப் பராமரிப்பைக் குறிக்கும் சைல்ட்கேர் ஆகியவை அவ்வாறானவை.

'குழந்தைகளின்' அல்லது 'குழந்தைகளுக்கான' என்னும் உடைமைப் பொருளில் சில்ட்ரன் என்னும் சொல்லுக்குப் பின் மேற்குறி இட்டு, அதன் பிறகு 'எஸ்' எழுத வேண்டும். குழந்தைகள் தினம், குழந்தைகள் பூங்கா, குழந்தைகள் மருத்துவமனை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் இவ்வாறு அமையும். 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் குறி இடுவது பிழை. ஏனெனில் பன்மையைக் காட்டுவது அந்த 'எஸ்' அன்று. 'சில்ட்ரன்ஸ்' என்று காதில் விழும் ஒலி ஆங்கிலத்தில் உடைமைப் பொருளில் சரியானது. அதே ஒலியை வெறும் பன்மையாகக் கொள்வதால்தான் மாணவர்களின் இரண்டாவது பிழை எளிதில் நேர்கிறது. பெயர்ப்பலகைகளில் மேற்குறி விடுபடுவதும் அந்தக் குழப்பத்தை வளர்க்கிறது.

சட்டங்களின் பெயர்களில் இச்சொல் உடைமைக் குறி இல்லாமலும் வருகிறது. பிரிட்டனின் 1908-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனியாக வந்த சட்டங்களுள் முன்னோடியான 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமும் 'சில்ட்ரன் ஆக்ட்' என்றே பெயர் பெற்றன. இங்கு சில்ட்ரன் என்பது பெயரடை போல நின்று சட்டத்தின் பொருளைச் சுட்டுகிறது.

ஒருமைக்கும் பன்மைக்கும் இடையிலான தேர்வு சில இடங்களில் கருத்தோடு தொடர்புடையது. 1946 டிசம்பர் 11-இல் ஐக்கிய நாடுகள் அவை உருவாக்கிய யுனிசெஃப் அமைப்பின் பெயரில் இருப்பது சில்ட்ரன் என்னும் பன்மை. போரால் பாதிக்கப்பட்ட எண்ணற்ற குழந்தைகளுக்கு உதவ எழுந்த அமைப்பு அது. 1989 நவம்பர் 20-இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற உரிமை உடன்படிக்கையின் பெயரிலோ சைல்ட் என்னும் ஒருமை நிற்கிறது. உரிமை ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக உரியது என்னும் நோக்குக்கு அந்த ஒருமை பொருந்துகிறது. நாட்டுச் சட்டப்படி அதற்கு முன்னரே உரிய வயதை அடைந்தவர் தவிர, 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் குழந்தை என அது வரையறுக்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

பேச்சு வழக்கில் சில்ட்ரன் என்னும் சொல்லோடு இன்று போட்டியிடுவது கிட்ஸ். கிட் என்பது நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். வெள்ளாட்டுக் குட்டியைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தையைக் குறிக்கும் கொச்சைச் சொல்லானது. அதன் பன்மை எளிய 'எஸ்' விகுதியால் அமைகிறது. முட்டையின் கதையில் வென்ற அதே வடக்கு, இங்கும் ஒரு சொல்லை அனுப்பியுள்ளது. எனினும் எழுத்திலும் சட்டத்திலும் பள்ளியிலும் சில்ட்ரன் தன் இடத்தை இழக்கவில்லை.

குழந்தைகளும் இந்தச் சொல்லும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் சில்ட்ரன் என்னும் வடிவத்தை உடனே கற்றுவிடுவதில்லை. சைல்ட்ஸ், சில்ட்ரன்ஸ் எனச் சொல்லும் பருவத்தைப் பலரும் கடந்துதான் வருகின்றனர். 1958-இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க உளமொழியியலாளர், 4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார். பறவை போன்ற கற்பனை உயிரின் படத்தைக் காட்டி, அதற்கு 'வக்' எனப் பெயரிட்டார். அடுத்து இரண்டு உயிர்களின் படத்தைக் காட்டினார். அதற்கு முன் ஒருபோதும் கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் சரியாக 'எஸ்' பன்மை சேர்த்துச் சொன்னார்கள். கேட்டதைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல், கேட்டவற்றிலிருந்து விதியைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றனர் என்பதை அது காட்டியது.

சைல்ட்ஸ் எனச் சொல்லும் குழந்தை அந்த விதியைச் சரியாகக் கற்றுள்ளது. விதிக்கு அடங்காத சொல் ஒன்று உண்டு என்பதைத்தான் இன்னும் கற்கவில்லை. சில்ட்ரன்ஸ் என எழுதும் தமிழ் மாணவருக்கும் இது பொருந்தும். சில்ட்ரன் என்பதன் இறுதியில் பன்மை விகுதி இருப்பது அவருக்குத் தென்படவில்லை. ஆகவே தமக்குத் தெரிந்த விகுதியைச் சேர்க்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் சில்ட்ரெ என்பதோடு 'என்' சேர்த்த தென் இங்கிலாந்து மக்களும் இதையேதான் செய்தனர். அவர்களோடு அவர்கள் ஊரே சேர்ந்து அவ்வாறு பேசியது. எனவே அது நிலைத்தது. இன்று அச்சும் பள்ளியும் அகராதியும் ஒரே வடிவத்தைக் காத்து நிற்பதால் சில்ட்ரன்ஸ் பன்மையாக ஏற்கப்படுவதில்லை. தேர்வில் எழுத வேண்டியது சில்ட்ரன் என்பதே. ஆனால் அதைத் தவறாக எழுதியவர் அறிவில்லாமல் எழுதினார் என்று எண்ண இச்சொல்லின் வரலாறு இடம் தருவதில்லை.